கிழங்கு சார்

என் அக்கா புருஷனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அடுத்த வீட்டு வம்புக்குப் போக மாட்டார் என்று எல்லாம் 'மாட்டார்' என்றே முடிகிறதே தவிர, 'செய்வார்' என்று ஒன்றும் வாயில் வரவில்லை. "அப்புறம் என்னம்மா குறை உங்க மாமாவுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த வீட்டு ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், உட்கார இடம் கிடைத்தால்.

அவருக்கு வேலை ஒரு லிஃப்ட் கம்பெனியில். லிஃப்டைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து போன் போட்டால் அதை எடுத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். "பதறாதீங்க சார், ஆள் வந்துட்டிருக்கார்." இதை அவர் சொல்லும்போது ஆள் கிளம்பியிருக்கவே மாட்டார். பல சமயம் யாரை அனுப்புவது என்றே முடிவாகியிருக்காது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே இருப்பவருக்கு மூச்சு சீராகிவிடும், பேசாமல் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். கம்பெனியில் இதற்காக மாமாவுக்குச் சிறந்த ஊழியர் என்று ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குரலைத்தான் அவர் வீட்டுக்கும் எடுத்து வந்தார். குழாய் ஒழுகினாலும், மகளுக்குப் பல்வலி என்றாலும், பதில் ஒன்றுதான். பார்க்கலாம், ஆகட்டும், ஆள் வரும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவர் தப்பாகப் போனால் மிதிப்பதற்கு என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அக்கா வீட்டில் எனக்கு அந்த வசதி இல்லாமல் போயிற்று. இருந்திருந்தால் முதல் தொட்டி உள்ளே நுழைந்த அன்றைக்கே மிதித்திருப்பேன்.

அந்த முதல் தொட்டி அவர் ஆபீஸ் வரவேற்பறையில் இருந்தது. இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றதால் செத்துவிட்டது என்று குப்பையோடு போடச் சொன்னார்கள். இவர் தூக்கிக்கொண்டு வந்து பால்கனியில் வைத்தார். வைத்தவர் மறந்தும் போனார். வெயில் காலம் வந்தது, அது பூத்தது. பாலைவன ரோஜா என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைக்காரர்கள் அடீனியம் என்பார்கள். ரோஜாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அடியில் கிழங்கு மாதிரி பருத்த தண்டு, மேலே நாலு கிளை, உச்சியில் ரோஸ் கலர் பூ. குடிக்கிற தண்ணீரையெல்லாம் அந்தக் கிழங்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் பிழைத்துக்கொள்ளும், விழுந்து விழுந்து கவனித்தால் அழுகிப்போகும். இப்படி ஒரு செடி அது போய்ச் சேர வேண்டிய ஆளிடமே போய்ச் சேர்ந்ததைத்தான் நான் விதி என்கிறேன்.

அவருக்கோ தலைகால் புரியவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலன் கிடைத்திருக்கிறது. "எனக்குக் கைராசி இருக்கு" என்றார் அக்காவிடம். அன்றிலிருந்து பார்சல் வர ஆரம்பித்தது. எங்கெங்கோ இருக்கிற வளர்ப்புக்காரர்களோடு பழக்கம் பிடித்தார். இவர் ஒன்று அனுப்புவார், அவர்கள் ஒன்று அனுப்புவார்கள். பால்கனி நிரம்பியது. பிறகு ஹால் ஜன்னல் விளிம்பு, பிறகு படுக்கையறை ஜன்னல் விளிம்பு, பிறகு சமையலறை ஜன்னல். தொட்டிகளை நகர்த்தினால் கிளை முறியும் என்று ஜன்னல்களைத் திறப்பதை நிறுத்தினார். மகள் படிக்க விடுதிக்குப் போனாள். போன மறுவாரம் அவள் கட்டிலை மடக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டு, நாற்றுத் தட்டுகளை அடுக்கினார். விடுமுறைக்கு வந்த பெண் ஹாலில் தொட்டிகளுக்கு நடுவில் பாயைப் போட்டுப் படுத்தாள். அடுத்த விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு செடியின் அடித்தண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். கல் மாதிரி இருந்தால் நலம், விரல் உள்ளே போனால் அழுகல். வீடு முழுக்க இப்படி அழுத்திக்கொண்டே போவார். பின்னாலேயே அக்கா காபியை வைத்துக்கொண்டு நிற்பாள், அது ஆறும். நானும் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். "உனக்குத் தலைவலி பரவாயில்லையா" என்று அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதற்கு ஒரு சங்கம் வேறு. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். வளர்ந்த ஆண்பிள்ளைகள் தையற்காரரின் டேப்பை எடுத்துக்கொண்டு செடிகளுக்கு இடுப்பளவு எடுப்பார்கள். எவருடையது பருமன் என்பதில் முகம் சிவக்கச் சண்டை வரும். வருஷா வருஷம் செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கி நட்டு, மண்ணுக்குள் இருந்த கிழங்கை வெளியே காட்டுவது ஒரு வித்தை. அதில் மாமாவை அடிக்க ஆள் இல்லையாம். அவரைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள், 'கிழங்கு சார்' என்று பட்டமும் கொடுத்தார்கள். வேறு யாரையாவது கிழங்கு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். இவர் பூரித்துப் போனார். தெருவில் யாராவது "கிழங்கு சார்" என்று கூப்பிட்டால் திரும்புகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். அக்கா கூப்பிட்டால் அந்த வேகம் வராது.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளை மட்டும் எதற்கு விட வேண்டும். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். அவள் ஊசி குத்தினால் குழந்தைகள்கூட அழுவதற்கு மறந்துவிடும். அந்தக் கையை மாமா எதற்குப் பயன்படுத்தினார் என்றால், பூவுக்குப் பூ மகரந்தம் மாற்ற. பாலைவன ரோஜாவில் மகரந்தம் பூவின் தொண்டைக்குள் ஒரு கூம்பில் ஒளிந்திருக்கும். அதைக் கிழிக்காமல் பிரித்து, மயிரளவு தூரிகையால் எடுத்து, இன்னொரு பூவின் உள்ளே சரியான இடத்தில் வைக்க வேண்டும். மாமாவின் விரல்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. இவள் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து, டேபிள் விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு செய்வாள். காய் பிடித்தால் அது வெடித்து விதை பறந்துவிடாமல் நூல் சுற்றிக் கட்டுவதும் அவள்தான். சங்கத்தில் போய் மாமா சொல்வது, "இது நான் பண்ணின கலப்பு." இவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். அந்தத் தலையை அப்படியே பிடித்து நிறுத்தலாமா என்று இருக்கும் எனக்கு.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். லேப் இன்சார்ஜ் ஆக வேண்டும். அவளிடம் வேலை பழகிய பிள்ளைகள் இன்சார்ஜ் ஆகி, அவளுக்கே லீவு கொடுக்கிற நிலைமை வந்துவிட்டது. காரணம், பதவி உயர்வு எப்போதும் வெளியூர் மாற்றலோடுதான் வரும். முதல் தடவை வந்தபோது, "காய் முத்துற நேரம், இப்ப அசைச்சா எல்லாம் உதிர்ந்துடும், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார் மாமா. எழுதிக்கொடுத்து மறுத்தாள். இரண்டாம் தடவை சங்கத்தின் கண்காட்சி. அதற்கும் மறுத்தாள். இப்போது மூன்றாவது. இதையும் மறுத்தால் இனி அவள் பெயரைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். புது ஊரில் குவார்ட்டர்ஸ் உண்டு. மாமாவின் வேலைக்கும் தடை இல்லை. போன் எடுப்பதை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம் என்று அவருடைய கம்பெனியிலேயே பாதிப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டுவிட்டார்கள்.

"இப்ப குளிர்காலம்" என்றார் மாமா. "செடியெல்லாம் தூங்குது. தூங்குற வேரைத் தொடக்கூடாது. மண்ணை விட்டு எடுத்தா அத்தனையும் செத்துடும். உனக்குத் தெரியாததா?"

அக்கா என்னிடம் வந்து இதை அப்படியே ஒப்பித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அவர் பிள்ளை மாதிரி வளர்த்தது. என்னால சாகணுமாடீ?" என்றாள்.

"பிள்ளையைப் பாயில படுக்க வெச்சவர்தானே" என்றேன். "நீ போ அக்கா."

"அவரைத் தனியா விட்டுட்டா?"

அவளோடு பேசுவது சில சமயம் சுவரோடு பேசுவதற்குச் சமம். இந்த முறையும் மறுத்து எழுதப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆத்திரத்தில் அன்றைக்கு என்னிடம் கார் பழக வந்த ஒரு அம்மாளைத் தேவையில்லாமல் திட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமா பால்கனி வாசலில் மண் கிளறிக்கொண்டு, கை அழுக்கு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். தூரதேசத்தில் இருக்கிற யாரோ ஒரு வளர்ப்புக்காரர். அவரிடம் அடுக்கு இதழ் வைத்த கறுப்புப் பூச் செடி ஒன்று இருக்கிறதாம். பதிலுக்கு மாமா தன்னிடம் உள்ள பெரியது ஒன்றை அனுப்ப வேண்டும். அந்த ஆள் பயந்தார். இந்தக் குளிரில் அவ்வளவு பெரிய செடியைப் பிடுங்கினால் தாங்குமா, தபாலில் எத்தனை நாள் கிடக்குமோ என்று இழுத்தார்.

மாமா சிரித்தார். "அட, நீங்க வேற. புதுசா வளர்க்கிறவர் மாதிரி பேசறீங்களே. மண்ணை உதறி, வேரை நறுக்கி, நாலு நாள் காய வெச்சு, பேப்பர்ல சுத்தி அனுப்பிடுவேன். ரெண்டு மாசம் மண்ணு இல்லாம கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. குளிர்காலம்தான் இதுக்கு நல்ல நேரமே. தூங்கும்போது பிடுங்கினா அதுக்குத் தெரியவே தெரியாது."

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் தட்டோடு அப்படியே நின்றாள். மாமா போனை வைத்ததும் கேட்டாள்.

"தூங்கும்போது பிடுங்கினா தெரியாதா?"

அவர் முகம் ஒரு கணம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் முகமானது. "அது வேற செடிம்மா" என்றார்.

"எல்லாம் ஒரே செடிதானே?"

"அது அப்படியில்லை. உனக்குச் சொன்னாப் புரியாது. பார்க்கலாம்."

சமையலறையில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அக்கா, இந்த வீட்டுக்கு வந்த பார்சல் எல்லாம் பிரிச்சது நீதானே? எல்லாம் மண்ணு இல்லாம, அம்மணமா, பேப்பர்ல சுத்தித்தானே வந்துச்சு? ஒண்ணாவது செத்ததா? இத்தனை வருஷம் உனக்கு இது தோணவே இல்லையா?"

அவள் குழாயைத் திறந்துவிட்டு யோசித்தாள். "வர்றதைப் பார்த்தேன்" என்றாள். "எங்கேயோ இருந்து கிளம்பித்தானே வருதுன்னு நினைக்கலை." சொல்லிவிட்டு ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் வந்தது. "உனக்கு இன்னிக்கு வேலை இருக்கா? ரப்பர் கையுறை நான் வெச்சிருக்கேன், நீ வா" என்றாள். மாமா அன்று ஆபீஸுக்குப் போகிற நாள். இவள் லீவு போட்டிருந்தாள்.

போய்ப் பார்த்தபோது பால்கனி பாதி காலி. அவள் ஒவ்வொரு தொட்டியாகச் சாய்த்து, செடியை வெளியே இழுத்து, மண்ணை உதறி, சல்லி வேர்களைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெட்டிய இடத்தில் பால் வடியும், அது கையில் பட்டால் எரியும், வாயில் போனால் விஷம். ஒரு செடி முடிந்ததும் கத்தியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள். ரத்தக் குப்பிகளில் ஒட்டுகிற லேபிளை ஒவ்வொரு கிளையிலும் சுற்றி, அதில் செடியின் பெயரை எழுதினாள். நான் பேப்பர் விரித்தேன். ஹால் முழுக்க, படுக்கையறை முழுக்க, மகளின் அறை முழுக்க. அதன் மேல் அவற்றை வரிசையாகப் படுக்க வைத்தோம். சங்கத்தில் ஆகா ஓகோ என்று கொண்டாடுகிற பெரிய பெரிய கிழங்குகள், கால் மடக்கத் தெரியாமல் தரையில் கிடந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. நோயாளி முன்னால் இருக்கிற முகத்தோடுதான் கடைசிவரை வேலை செய்தாள்.

ஜன்னல் விளிம்புகள் காலியானதும் வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. சுவர் என்ன நிறம் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். படுக்கையறை ஜன்னல் இறுகிப்போயிருந்தது. அக்கா தோளைக் கொடுத்துத் தள்ளினாள், திறந்துகொண்டது. எதிரே ஒரு வீட்டின் பின்பக்கம், கொடியில் துணி, அவ்வளவுதான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"என்ன பண்ணிட்டே?"

"பிடுங்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணுக்கும் அடிபடலை, பார்த்துக்கோங்க. நாலு நாள் காயட்டும், பேப்பர்ல சுத்திடலாம். சனிக்கிழமை சாமான் வண்டி வருது. உங்களுக்கும் செடிக்கும் சேர்த்துத்தான் பெரிய வண்டி சொல்லியிருக்கேன்."

அவர் குனிந்து ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். ஒன்றாவது நசுங்கியிருக்காதா, ஒன்றாவது முறிந்திருக்காதா என்று தேடின மாதிரி இருந்தது. எல்லாம் கல்லாக இருந்தன. அவருக்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் அந்த ஊர்ல வந்து என்ன பண்றது?"

"இங்க பண்றதைத்தான். போன் அங்கயும் அடிக்கும்."

"அங்க சங்கம் இல்லை."

"சரி."

"என்ன சரி? இங்க நான் நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆள். தெருவுல போனா கிழங்கு சார்னு கூப்பிடறாங்க. அங்க நான் யாரு? இன்சார்ஜ் மேடம் வீட்டுக்காரர்."

கடைசியில் விஷயம் இதுதான். வேரும் இல்லை, குளிரும் இல்லை. இத்தனை வருஷமாகச் செடியின் தூக்கத்தைக் காரணம் காட்டியவர், தன் பட்டத்தைத்தான் போர்த்திப் பாதுகாத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா என்னைப் பேச விடவில்லை, கையைப் பிடித்து அமுக்கினாள்.

"இத்தனை வருஷம் நான் கிழங்கு சார் சம்சாரமா இருந்தேனே" என்றாள் அவரிடம். "எனக்கு ஒண்ணும் ஆகலையே."

வீட்டில் அதன் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த மூன்று நாளும் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள், இரவு சாமான் கட்டினாள். வெள்ளிக்கிழமை செடிகளைப் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, வாசல் பக்கம் அடுக்கினாள். அவர் வருவார் என்று அவள் நம்பினாள். அவருடைய சட்டைகளையும் மடித்து ஒரு பெட்டியில் வைத்தாள். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட, அழுகையும் வந்தது.

சனிக்கிழமை வண்டி வந்தது. ஆட்கள் பீரோவை இறக்கினார்கள். மாமா லுங்கியோடு ஹாலில் நின்றார்.

"நீ முன்னால போம்மா" என்றார். "நான் வந்துட்டிருக்கேன்."

அதே குரல். அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தக் குரலில் சொல்லப்பட்ட ஆள் எத்தனை மணிக்கு வருவார் என்று அவளுக்குத் தெரியாதா? அவருடைய பெட்டியைத் தள்ளி ஓரமாக வைத்தாள். "செடி மூட்டை எதையும் தொடாதீங்க. என் சாமான் மட்டும் ஏத்துங்க" என்று ஆட்களிடம் சொன்னாள். அவ்வளவு பெரிய வண்டியில் அவளுடைய சாமான் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், போய்விட்டாள்.

வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, மாமா மூட்டைகளைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் பழைய தொட்டியில், பழைய இடத்தில், பழையபடி நட்டார். நட்டதோடு விட்டாரா? எல்லாவற்றுக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். குளிரில், தூங்குகிற செடிக்கு, புதிதாக வேர் நறுக்கிய செடிக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது இந்தச் செடி வளர்க்கிறவர்களுக்கு முதல் பாடம். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறவரே இவர்தான். ஏன் ஊற்றினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது எதற்காவது உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கும். தோன்றிய நேரமும் தப்பு, இடமும் தப்பு.

ரெண்டு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தார். "வீட்டுல ஒரு வாசனை வருதும்மா. கொஞ்சம் வந்து பாரேன்."

நன்றாக ஒரு மூச்சு சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் சிரிப்பு உள்ளேயே போய்விட்டது. ஜன்னல்கள் பழையபடி சாத்தியிருந்தன. அவர் பெரிய கிழங்கு ஒன்றின் முன்னால் குந்தியிருந்தார். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை, பளபளவென்று இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் முழுசாக உள்ளே போயிற்று. எடுத்து, லுங்கியில் துடைத்துவிட்டு, அடுத்ததை அழுத்தினார். அதிலும் போயிற்று.

"அக்காகிட்ட சொல்லிடாதே" என்றார்.

படியிறங்குவதற்குள் சொல்லிவிட்டேன். அவள் புது லேபில் வேலையாக இருந்தாள், பின்னால் யாரோ "மேடம், மேடம்" என்று கூப்பிடுவது கேட்டது. "அப்படியா" என்றாள். கூப்பிட்டவருக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு, "ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு" என்றாள்.

சங்கத்துக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒரு தடவை வந்து போனார்கள். காலித் தொட்டிகளை ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். செடி இல்லாதவருக்குச் சங்கத்தில் என்ன வேலை? துணைத்தலைவர் பதவி இடுப்பளவில் அடுத்ததாக இருந்தவருக்குப் போயிற்று. பட்டமும் சேர்ந்து போய்விட்டது என்று கேள்வி. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர்கள் அளந்தது செடியைத்தானே.

பிறகு அவர் மகளின் அறையைக் கழுவியிருக்கிறார். கட்டிலைப் பழையபடி விரிக்கலாம் என்று இழுத்தபோது, சுவரோரம் ஒரு பேப்பர் மூட்டை அகப்பட்டது. அவர் அடித்துப்பிடித்து எல்லாவற்றையும் நட்ட அன்று உருண்டு போய்க் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒன்று. அவர் கண்ணில் படாததால் அது மட்டும் பிழைத்திருந்தது. பெரிய ஜாதி ஒன்றும் இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ரோஸ் பூச் செடி. அழுத்திப் பார்த்தாராம், கல்லாக இருந்ததாம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அக்கா கட்டி வைத்துவிட்டுப் போன அதே பெட்டியோடு, பஸ் ஏறி அவள் ஊருக்குப் போய்விட்டார்.

நான் போன மாதம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். சின்ன குவார்ட்டர்ஸ்தான், எல்லா ஜன்னலும் விரியத் திறந்திருந்தன. விளிம்புகளில் ஒரு சாமான் கிடையாது. மாமா ஹால் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காதில் போனை வைத்திருந்தார். "பதறாதீங்க சார், ஆள் வந்துட்டிருக்கார்." என்னைப் பார்த்துக் கையசைத்தார். இளைத்திருந்தார். அவருடைய பெட்டி ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்தது, துணிமணி இன்னும் அதிலேயேதான். பாய் ஒன்று சுருட்டி அதன் மேல் வைத்திருந்தது. பாயில் யார் படுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பேப்பர் மூட்டை வாசலில் செருப்பு அடுக்குகிற பலகையில் கிடந்தது. வந்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறதாம். பேப்பரைக் கிழித்துக்கொண்டு பச்சையாக ஒரு இலை வெளியே எட்டிப் பார்த்தது.

"அக்கா, இது இலை விட்டுடுச்சு" என்றேன். "இன்னும் ஏன் இப்படியே போட்டிருக்கே? ஒரு தொட்டியில நட வேண்டியதுதானே?"

அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இன்சார்ஜ் என்று எழுதிய அட்டையைக் கோட்டில் குத்தினாள். மாமா போனில் பேச்சை நிறுத்திவிட்டு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடலாம்" என்றாள். "குளிர் போகட்டும். தூங்குற வேரைத் தொடக்கூடாதுன்னு உங்க மாமாதான் சொல்லியிருக்கார்."

செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலுக்குக் குடையை விரித்தபடி படியிறங்கினாள். வாசல் கம்பியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. மாமா போனை மறுபடியும் காதுக்குக் கொண்டு போனார்.